கல் மேல் கேஸ் போட முடியாது

போன கோடைக்கு முந்தின கோடையில் நடந்தது. இடம், திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டைக் கடந்ததும் வரும் பைபாஸ். நான் லாரி டிரைவர். வீடு கோலியனூர் பக்கம். கொல்கத்தாவில் கோணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு வந்துகொண்டிருந்தேன். மாற்றி மாற்றி ஓட்டிவந்த இன்னொரு டிரைவருக்கு வீடு சென்னைக்கு முன்னாலேயே என்பதால் அவர் வழியில் இறங்கிக்கொண்டார். கடைசி ஓட்டம் நான் மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று மனைவிக்கு போன் பண்ணிச் சொல்லியிருந்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவன் நான். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று நான் பீற்றிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துப் போயிருந்தது. பீற்றிக்கொள்ள எனக்கும் வேறு என்ன இருக்கிறது? படிப்பு இல்லை, நிலம் இல்லை. அந்த ஒரு பெயரைத்தான் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நடுவழியில் டயர் வெடித்தோ ஆக்சில் உடைந்தோ வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவன் மோதிவிடாமல் இருக்க ஏதாவது வைக்க வேண்டும். சட்டப்படி சிவப்பு முக்கோணம். வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அதை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் ஓரத்தில் கிடக்கும் பெரிய கற்களைப் பொறுக்கி வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் வரிசையாக வைத்து, நடுவில் இலையோடு ஒரு கிளையை ஒடித்துப் போட்டுவிடுவோம். ரிப்பேர் முடிந்து கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்து ஓரமாகப் போட வேண்டும். அதுதான் முறை. ஆனால் சில மகராசன்கள் வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டுவிடுவார்கள். பின்னால் வைத்தது பின்னாலேயே கிடக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் எவனோ வைத்துவிட்டுப் போயிருந்தான். கிளை காற்றில் நகர்ந்து ஓரம் போய்விட்டது. ரோட்டு நிறத்திலேயே கற்கள் மட்டும் கிடந்தன. எனக்கு முன்னால் ஒருவர் மொபெட்டில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மூட்டை கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போன கார் சட்டென்று விலகியது. அவரால் விலக முடியவில்லை. முன்சக்கரம் கல்லில் ஏறி, வண்டி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம், மல்லாட்டை ரோடெல்லாம். நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்த கோணிக் கட்டெல்லாம் ஆடியது. அவர் காலுக்கு நல்ல தூரத்திலேயே லாரி நின்றுவிட்டது. கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இறங்கி ஓடினேன். நாற்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் திரும்பிக் கிடந்தது. நெற்றியில் ரத்தம். அவரை ஓரமாக இழுத்துக் கிடத்தி, என் துண்டால் தலையைக் கட்டினேன். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன். அவர் மனைவி நம்பரைக் கேட்டு அந்த அம்மாவுக்கும் என் போனிலிருந்தே சொன்னேன். இரண்டு மூன்று பைக்குகள் மெதுவாகப் போயின. ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே கடந்து போனான்.

அடுத்து செய்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். அந்தக் கற்களை இன்னொருவர் வந்து மோதுவதற்குள் எடுக்க வேண்டுமே என்று, ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டோரப் பள்ளத்தில் போட்டேன். கிளையையும் இழுத்து எறிந்தேன். அதை யோசித்துச் செய்யவில்லை. ரோட்டில் கல் கிடந்தால் கை தானாகப் போகும், அவ்வளவுதான். படித்தவனாக இருந்தால் முதலில் போட்டோ எடுத்திருப்பான். நான் டிரைவர், கல்லை எடுத்தேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

“அண்ணா, உட்டுட்டு போயிடாதீங்கண்ணா.”

“போவலப்பா. இங்கதான் இருக்கேன். கண்ண மூடாத, பேசிக்கினே இரு.”

இரண்டு பெண் பிள்ளைகள் என்றார். அறுவடைக்குப் போய்க் கூலியாக வாங்கிய மல்லாட்டை அது, திண்டிவனத்தில் விலை படியாமல் திரும்பக் கொண்டுபோகிறேன் என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, சிதறிய மல்லாட்டையை வாரி மூட்டையாகக் கட்டி, மொபெட்டோடு பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அவர் மனைவி என் காலில் விழப் பார்த்தார். நான் தடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டது என்று மொபெட்காரர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். என் வண்டி நம்பரைச் சொல்லித்தான்.

நடந்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. நல்ல மனிதர்தான், கேட்டுக்கொண்டார். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்கே வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ரோடு போட்டபோது மிஞ்சிய கல்லெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடந்தது.

“இதுல எந்தக் கல்லுய்யா?”

எனக்கே தெரியவில்லை.

“சரி, அத்த ஏன்யா எடுத்த?”

“இன்னொருத்தன் வந்து உழுந்துடக் கூடாதுன்னு சார்.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்பி என்ன பிரயோஜனம்? லாரியின் முன் பம்பரில் ஓடின ஊர்களின் கீறல்கள் எல்லாம் இருந்தன. அதில் ஒன்றைக் காட்டி இதுதான் இடித்த அடையாளம் என்றால் யார் மறுக்க முடியும்? வண்டியை வரவழைத்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

வந்த ஆத்திரத்தில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவர் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மச்சான் நின்றிருந்தான். அவனுக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் லாரி மேல் பழி போடும் இந்த யோசனையைச் சொன்னாராம். என்னைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏம்பா, நானா உன்ன இடிச்சேன்? மனசத் தொட்டுச் சொல்லு.”

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இல்லண்ணா. ஆனா கல்லு மேல கேஸ் போட முடியுமாண்ணா? வண்டி மேலதான் போட முடியும். இன்சூரன்ஸ்காரந்தான் குடுக்கப் போறான். உங்க கையிலேர்ந்து ஒத்த ரூபா போவாதுண்ணா. எனக்கு இனிமே கால் சரியா வராதுன்னு டாக்டரு சொல்ட்டாரு. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. சாவுற வரைக்கும் உங்கள மறக்க மாட்டேன்.”

வாய் நிறைய அண்ணா அண்ணா என்றே சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அந்த மனிதரை அடிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சாத்துக்குடித் தோல் இன்னும் அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அதைவிட என்னை வதைத்தது மற்றவர்கள் பேசிய நியாயம்தான். வண்டியின் முதலாளி, “ஒத்துக்கினு போயேன்யா. கேஸ இழுத்தா நீயும் பேஜாரு, நானும் பேஜாரு. வண்டி ஓடணும்ல?” என்றார். வக்கீலும் அதையே சொன்னார். உறவுக்காரர்கள், பாவம், ஏழைக் குடும்பம், உனக்கு என்ன நஷ்டம் என்றார்கள். எனக்கு என்ன நஷ்டம் என்று எடுத்துச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. என் மனைவி ஒருத்தி மட்டும், “நீங்க இடிக்கலன்னா இடிக்கலன்னே சொல்லுங்க” என்றாள். ஆனால் மறுத்தால் கேஸ் எத்தனை வருஷம் நடக்கும், அதுவரைக்கும் எந்த முதலாளி எனக்கு வண்டி கொடுப்பான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒத்துக்கொண்டேன். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டு, கவனக்குறைவாக ஓட்டி மொபெட்டை இடித்தது உண்மைதானா என்று கேட்டார்கள். உண்மைதான் ஐயா என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அபராதத்தை முதலாளி கட்டினார். லைசென்ஸை சில மாதங்களுக்கு முடக்கிவைத்தார்கள். அந்த மாதங்களில் விழுப்புரம் மண்டியில் மூட்டை இறக்கினேன். தெரிந்த டிரைவர்கள் லோடோடு வந்து நிற்பார்கள். “இன்னாண்ணா, எவனையோ இடிச்சித் தூக்கிட்டியாமே?” என்று விசாரிப்பார்கள். முதலில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், ஆமாம்பா என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்து மறுபடியும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆட்டுக்குட்டிப் பேச்சை மட்டும் வீட்டில் எடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் நெல்லூர் தாண்டி வந்துகொண்டிருந்தேன். பட்டப்பகல். ரோட்டோரம் ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு ஆள் அசையாமல் கிடந்தார். பக்கத்தில் ஒரு பெண் நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் கால் பிரேக்குக்குப் போனது. என் முன் பம்பரும் அந்த எஸ்.ஐ. முகமும் ஞாபகத்துக்கு வந்தன. கால் பிரேக்கிலிருந்து விலகிவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன். பெயர் கேட்டார்கள். சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்த ஆள் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

செய்யாத தப்பை நீதிபதி முன்னால் நின்று ஒத்துக்கொண்டேன், அபராதமும் கட்டியாயிற்று, அது முடிந்துவிட்டது. நெல்லூர் ரோட்டில் செய்ததை எங்கே போய் ஒத்துக்கொள்வது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.