வாசல் கட்டில்

தென்காசியில் நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். வாசலை ஒட்டிக் கிடந்த கட்டிலுக்கு மட்டும் தனி உபயோகம். இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கைவிட்டவரை அங்கே மாற்றிவிடுவோம். உயிர் போனால் மற்ற நோயாளிகளைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் பாருங்கள், அதற்காக. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. எங்களுக்குள் பழகிப்போன வழக்கம்.

மாற்றும்போது நோயாளி ஏன் என்று கேட்பார். கேட்காமல் இருப்பாரா? "அங்கன காத்து நல்லா வரும் அண்ணாச்சி" என்பேன். அந்தப் பொய்யை உண்டாக்கியவனே நான்தான். வார்டு ஆட்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன். உறவுக்காரர்களைத் தனியே கூப்பிட்டு, "நாங்கதான் கேட்டு மாத்துனோம்னு சொல்லுங்க" என்று பாடம் நடத்துவேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஓர் ஆடி மாதம், சீசனுக்காக என்னைக் குற்றாலத்தில் வேலைக்குப் போட்டார்கள். சாரலில் நனைந்து இருமுகிறவர்களுக்கும் பாறையில் வழுக்கி விழுந்தவர்களுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த எனக்கே காய்ச்சல் வந்தது. மலேரியாதான் என்று நானே தீர்மானித்து, குயினின் மிக்சரை நானே கலக்கி, ஒன்பது நாள் மடக் மடக்கென்று குடித்தேன். கடையத்திலிருந்து வருகிற ஒரு விவசாயி அப்படிச் செய்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். கம்பவுண்டர் செய்தால் யார் கேட்பது?

பத்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. மாட்டு வண்டியில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு கத்தினார்.

"மலேரியாவாம் மலேரியா! டைபாய்டுய்யா இது. உன்னை யாருய்யா டாக்டராக்கினது?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கோ முன்பே எல்லாம் தெரிந்திருந்ததுதான் கஷ்டம். டைபாய்டுக்கு அப்போது மருந்து கிடையாது. பார்லித் தண்ணீரும் நெற்றியில் ஈரத்துணியும்தான். மூன்றாவது வாரத்தில் குடலில் ரத்தம் கசியலாம், ஓட்டை விழலாம். விழுந்தால் முடிந்தது கதை. மற்ற நோயாளிகள் முருகா முருகா என்று கிடந்தார்கள். நான் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். என் நாடியை நானே பிடித்துப் பார்ப்பேன். வேகம் கூடியிருந்தால் பயத்தில் இன்னும் கூடும். காய்ச்சல் சார்ட்டைக் காட்டச் சொல்லி நச்சரித்ததால் அதைக் கட்டிலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் பயந்தேன்.

பதினெட்டாம் நாள் காலையில் வார்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் என் தலையணையை எடுத்தார்.

"எதுக்கு வே?" என்றேன்.

"வாசப் பக்கம் போயிருவோம் ஐயா. அங்கன காத்து நல்லா வரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம், நான் இங்கனயே கிடக்கேன்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விரல் விரலாக எடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. சாகப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், விக்கி விக்கி அழுதேன்.

ஆண்கள் வார்டுக்குள் பெண்கள் உட்காரக் கூடாது என்பதால் என் மனைவி வெளித் தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்தாள்.

"இப்ப என்ன ஆயிப்போச்சுன்னு அழுதிய?"

"என்னைய வாசக் கட்டிலுக்கு மாத்திட்டாவ. இதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது."

"அர்த்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் டாக்டர் ஐயாகிட்ட கேட்டேன். உள்ள கிடந்தா உங்க மூஞ்சியே தெரிய மாட்டுக்கு. எத்தன நாளைக்கு நான் அந்தத் தூணையே பாத்துக்கிட்டு இருக்க?"

நம்பலாம் போலிருந்தது. அடுத்த கணமே, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. என் பாடம்தானே அது! "உண்மையச் சொல்லு. யாரு இப்பிடிச் சொல்லச் சொன்னா?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"ஆமா, எனக்கு வாயில்ல பாருங்க, ஊரான் வந்து சொல்லித் தரணும்! ஆம்பள மாதிரியா அழுதிய? பேசாம பார்லித் தண்ணியக் குடிங்க" என்று ஏசினாள்.

அந்த ஏச்சில்தான் எனக்கு உயிர் வந்தது. சாகப்போகிறவனை எந்தப் பெண்டாட்டி இப்படி ஏசுவாள்? பிறகு பயம் வரும்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவேன். தாடியைப் பார்த்து ஏசுவாள், டம்ளரைக் கவிழ்த்ததற்கு ஏசுவாள், குயினினுக்காகத் தினம் ஒரு தடவை ஏசுவாள். ஒவ்வோர் ஏச்சுக்கும் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். இருபத்திரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. தப்பித்தேன்.

அடுத்த வருஷம் இலத்தூரிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். சாப்பிடும்போது இந்தக் கதையை வேடிக்கையாக அவரிடம் சொன்னேன். "ஒங்க தங்கச்சி முகம் பாக்க ஆசப்பட்டுக் கட்டில மாத்தச் சொல்லியிருக்கா. நான் சாகப்போறேன்னு நெனச்சு ஒப்பாரி வச்சேன்!" அவர் சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. அன்னைக்குக் காலைலதான் டாக்டர் கூப்பிட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிரும்மான்னாரு. அண்ணனுக்கு ஆளு அனுப்பிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"அப்ப நீ சொன்னது? யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. உங்க மூஞ்சியப் பாத்தேன், வாயில வந்துட்டு. ஏசுதத நிப்பாட்டுனா நான் அழுதிருவேன். அதான் ஏசிக்கிட்டே கிடந்தேன்."