பாலம் கடந்து உழைத்து, சொந்தக் காசில் ஓய்வெடுத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அக்காவைக் கருமி என்று ஒரு முறையாவது சொல்லியிருப்பீர்கள். சங்கடப்பட வேண்டாம், அக்காவுக்கும் அது தெரியும். அந்தக் கருமித்தனத்தின் கதையைத்தான் அவருடைய ஒரே தம்பியாகிய நான் பெருமையோடு எழுதுகிறேன்.

ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினார். அக்கா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளம் வந்து எங்கள் லயத்து வீடு மூழ்கியது. உறவினர் ஒருவர் வீட்டில் தங்கினோம். முதலில் வாய் நிறைய வரவேற்றார்கள். நாளாக ஆக, அங்கே இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ள அம்மா கூசினார். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் கஷ்டம்தான். வயதான காலத்தில் யார் வீட்டிலும் இப்படி ஒண்டி நிற்கக் கூடாது என்ற வைராக்கியம் அங்கேதான் வந்தது என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

அப்பா காலமானதும் குடும்பம் அக்காவின் தலையில் விழுந்தது. சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. எல்லைக்குப் பக்கத்தில் கெலாங் பாத்தாவுக்குக் குடிவந்து, சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். தமக்கு வந்த சம்பந்தங்களை மட்டும் தட்டிக் கழித்தார். காரணம் கேட்டால், "உன் ஒருத்தன மேய்க்கிறதே பெரிய வேல லா" என்று என்னையே கிண்டல் செய்து பேச்சை மாற்றிவிடுவார்.

ஜொகூரில் சிங்கப்பூர்ச் சம்பளம் வாங்குகிற நம் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. அந்த ஊர்ப் பணத்தை ரிங்கிட்டாக மாற்றும்போது தொகை பெருகுகிறது. பெருகியதைச் சேமிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரிய கார் வருகிறது, தீபாவளிக்கு வீடு ஜொலிக்கிறது. அக்காவும் முதலில் அப்படித்தான் இருந்தார். வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனி எப்படியும் பணம் கட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பியிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சிங்கப்பூர்த் தோழி ஒருவர் தம் வைப்பு நிதியைப் பற்றிப் பேச, தம்முடையதைப் பற்றி அக்கா விசாரித்தார். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பெர்மிட்டில் வேலை செய்யும் மலேசியருக்குக் கிடையாது. இந்தப் பக்கமும் அவர் பெயரில் யாரும் எதுவும் கட்டவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே அக்காவின் முதுமைக்கு ஒரு காசும் சேரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அடுத்த மாதமே சேமிப்பைத் தொடங்கினார். நம் நாட்டுச் சேமநிதியில் சொந்த விருப்பத்தில் மாதாமாதம் பணம் கட்டினார். பதவி உயர்ந்து, சிங்கப்பூரில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்ததும், அங்கே வெளிநாட்டவரும் திறக்கக்கூடிய ஓய்வுக்காலக் கணக்கு ஒன்றைத் திறந்தார். அதில் போடும் பணத்துக்கு அந்த வருட வரி குறையும்; அவசரப்பட்டு எடுத்தால் அபராதம். அந்தக் கணக்கில் இருந்த பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டார். உலகத்துப் பெரிய கம்பெனிகள் பலவற்றில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருக்கும் நிதி அது. எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கட்டணமும் குறைவு. கார் மட்டும் வாங்கவே இல்லை. கருமிப் பட்டம் அப்போதுதான் கிடைத்தது.

கொரோனா வந்தது. எல்லையை மூடினார்கள். அக்கா அந்தப் பக்கமே ஒரு வாடகை அறையில் மாட்டிக்கொண்டார். பங்குச் சந்தை சரசரவென்று விழுந்தது. இங்கே சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அரசாங்கம் அனுமதித்ததும் ஊரே எடுத்தது. எனக்குச் சம்பளம் பாதியானது. அப்பாவின் ஸ்தானத்தில் இருந்த சித்தப்பா என் வீட்டிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அலமாக், எல்லாம் முழுகிப் போவுதும்மா. இருக்கிறத எடுத்துரு. தம்பியும் கஷ்டப்படுறான் பாரு."

"தம்பிக்கு என் சம்பளத்துல இருந்து அனுப்புறேன் சித்தப்பா. அதத் தொட மாட்டேன்."

"விழுந்துக்கிட்டே இருக்கே, பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு. இப்ப வித்தா நட்டம் நெசமாயிரும். எனக்கு அந்தக் காசு இப்ப வேணாம். அது கெழவியாகப் போறவளோட காசு. அவளக் கேக்காம நான் எப்படி எடுக்கிறது?"

சித்தப்பா போனை வைத்துவிட்டார். பெரியவர் பேச்சைத் தட்டிவிட்டாள் என்று வெகு நாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா சொன்னபடி எனக்கு மாதாமாதம் பணம் அனுப்பினார், அந்த மாதங்களிலும் தம் கணக்கில் போடுவதை நிறுத்தவில்லை. தனியாக, ஊருக்கு வர வழியில்லாமல், சொந்தங்களின் வசவையும் வாங்கிக்கொண்டு அவர் பிடித்த பிடியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சந்தை மீண்டது. பாராட்டியவர்களிடம், "நான் கெட்டிக்காரியெல்லாம் இல்ல, கைய வெக்காம இருந்தேன், அவ்ளோதான்" என்றார். எல்லை திறந்த பிறகு வந்த தீபாவளிக்குச் சித்தப்பா தாமாகவே அக்கா வீட்டுக்கு வந்தார். தம் மகளுக்கும் அந்தக் கணக்கு வழக்கைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அக்கா அவருக்கு இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்தார். அதோடு சண்டை முடிந்தது.

ஐம்பத்தைந்து வயதில் அக்கா வேலையை விட்டார். சேமநிதியிலிருந்து வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்து, ராஜாத்தியாக வாழ்ந்தார். கடலோரப் பொந்தியானுக்குப் போய் மீன் வாங்குவார். பிடித்த கோயிலுக்கெல்லாம் போனார். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் குடும்பத்துக்கு அவர் வீட்டில் விருந்து. கல்யாணமாகாத அக்கா தம்பி வீட்டு அறையில் காலம் தள்ளுவார் என்று ஊர் நினைத்தது. நாங்கள்தான் அவர் வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போனோம்.

அந்த நிம்மதியை நோய் நீண்ட நாள் விட்டு வைக்கவில்லை. சிகிச்சைக்குக் காரில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியர், தாயைப் போல் பார்த்துக்கொண்ட தாதியர், எல்லையைத் தாண்டி வந்து பார்த்த சிங்கப்பூர்த் தோழிகள், ஈமச் சடங்குகளை முன்னின்று நடத்திய சித்தப்பா, வந்து ஆறுதல் சொன்ன நீங்கள் ஒவ்வொருவரும் எங்கள் மனதில் இருக்கிறீர்கள். உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி அக்காவுக்கு. மருத்துவமனையில் சேர்த்த வாரம், கையில் இருந்ததைத் திரட்டி ஓர் உறையில் போட்டு எடுத்துப் போனேன். அக்கா அதைத் திறக்கக்கூட இல்லை.

"இதெல்லாம் நான் எப்பவோ சேத்து வெச்சாச்சுடா. நீ சும்மா வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். யார் கட்டுவது, யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று அந்த அறை வாசலில் நாங்கள் ஒரு நாளும் பேச வேண்டியிருக்கவில்லை. கடைசி மூச்சு வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் எங்களுக்கு வேலையாக இருந்தது.