முறைப்பாடாகப் போன ஏழு மீன்கள்

போன வாரம் நுவரெலியாவில், ஓர் ஓடையில் நுரை மிதப்பதைப் பார்த்த என் மகள் போனில் படம் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே முறைப்பாடு அனுப்பிவிட்டாள். நாற்பது வினாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீரில் கழிவு எண்ணெய் வாடை அடித்தது. அந்த வாடை பட்டாலே எனக்கு ஒரு பூனை ஞாபகம் வரும்.

அட்டனில் நான் புதிதாகப் படிப்பிக்க வந்த காலம். பாடசாலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாலம். அடியில் ஓடிய ஓடையில் சாண் நீள மீன்கள் இருபத்துமூன்று. எண்ணிக்கை குறைந்தால் திரும்ப எண்ணுவேன். அதனால் ஒரே பாடசாலைத் தவணையில் பதினொரு நாள் பிந்திப் போனேன். பிறகு ஓடைக்கு மேலே லொறி கழுவும் இடம் ஒன்று வந்தது. அதன் கழிவு எண்ணெய் ஓடையில் இறங்கியது. மீன்கள் ஒன்பதாயின. ஒரு திங்கட்கிழமை ஏழு செத்து மிதந்தன. மிச்சம் இரண்டு, கல்லிடுக்கில்.

அந்த இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமே. செத்த ஏழு மீன்களையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு சுகாதாரப் பரிசோதகரின் கந்தோருக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் கந்தோருக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. லீக்ஸோ கரட்டோ, தோட்டத்தில் விளைந்தது ஒரு பிடி இருக்கும். வாசலில் பியோன் வழக்கம்போல என் பையையும் வாங்கிக்கொண்டார். வரிசையில் நான் பதினான்காவது ஆள். என் முறை வருகிற நேரத்தில் பையைக் கேட்டேன்.

“அப்பவே ஐயா வீட்டுக்கு அனுப்பியாச்சுங்க மாஸ்டர். மீனுன்னா வச்சிருக்க முடியுமா?”

ஐயா வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். ஓடினேன். பரிசோதகரின் மனைவி அடுப்படியில் நின்றார்.

“அம்மா, அந்த மீனைச் சாப்பிட்றாதீங்க. அது முறைப்பாடு.”

“முறைப்பாட்டையா நான் கழுவி மஞ்சள் தடவி வச்சிருக்கேன்?”

சட்டியில் எண்ணினேன். ஆறு.

“இன்னொன்னு எங்கம்மா?”

அவர் திரும்பிப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் பூனை வாலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

மூன்று தடவை வாந்தி எடுத்துப் பூனை பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று மத்தியானம் அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை. “மொதல்ல அந்த லொறிக்காரன போய்ப் பாத்துட்டு வாங்க, பொறவு சோறு” என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். பரிசோதகர் பசியோடு போனார். பசித்த அதிகாரியின் வேகம் தனி. மூன்றாம் நாள் எண்ணெய்க்கென்று குழி வெட்டியாயிற்று. எந்த மனுவாலும் இது நடந்திருக்காது.

இரண்டு மீன்கள் ஐந்தாயின, பதின்மூன்றாயின. கடைசியாக நான் எண்ணியபோது பத்தொன்பது.

பிறகு வீதியை அகலமாக்க ஓடைக்குமேல் கொங்கிரீட் போட்டு மூடினார்கள். கீழே மீன்கள் என்ன ஆயின என்று கேட்கக் கந்தோருக்குப் போனேன். புதிதாக வந்திருந்த பையன் மரியாதையாகக் கதிரை போட்டான்.

“கவலைப்படாதீங்க மாஸ்டர். மூடியாச்சுல்ல. இனி அந்த ஓடையப் பத்தி ஒரு முறைப்பாடும் வராது.”

ஆறுதலாகத்தான் சொன்னான். சொன்னபடியே, இன்றுவரை ஒன்றுகூட வரவில்லை.