எல்லார் கனவிலும் வருகிறாள், என் கனவைத் தவிர

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட முடிகிறதா என்று பார்த்தேன்.

முடியவில்லை. அப்படியென்றால் நான் விழித்திருக்கிறேன். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், யாரும் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மூக்கைப் பொத்தினால் என்ன அர்த்தம்? பக்கத்தில் நின்ற பெண் உடனே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அவருக்கு அடுத்து நின்றவர் கர்சீப்பை எடுத்தார். எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தே விட்டார். நான் மெல்ல நழுவி, தென்காசி பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எதற்கு இந்தக் கோமாளித்தனம் என்கிறீர்களா? கனவு காணக் கற்றுக்கொண்டிருக்கிறேன்... இந்த வயதில்.

சும்மா கனவு இல்லை. கனவுக்குள் இருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொண்டு, நம் இஷ்டத்துக்கு நடத்துகிற கனவு. லூசிட் ட்ரீமிங் என்று பெயர். என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, பெயரின் முதல் பாதி எனக்கு ரொம்பப் பொருத்தம் என்றார்.

யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தருகிறார். பகலில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டுமாம். வாயை மூடி, மூக்கைப் பொத்தியும் மூச்சு வந்தால் கனவு. ஒரு போர்டை இரண்டு தடவை படித்து, எழுத்து மாறியிருந்தால் கனவு. சுவிட்சைப் போட்டும் லைட் எரியவில்லையென்றால் கனவு. விழித்திருக்கும்போது இது பழக்கமாகிவிட்டால், தூக்கத்திலும் கை தானாகச் செய்யுமாம். பொய்யென்று தெரிந்த அந்த நிமிடத்திலிருந்து ராஜ்ஜியம் நம்முடையது. அவர் மலைகளுக்கு மேல் பறக்கிறார்.

எனக்குப் பறக்க வேண்டாம். என் மனைவி வசந்தா வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

வசந்தா போய் இரண்டு வருடம் ஆகிறது. என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். இந்தப் பக்கத்தில் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்த அதே வசந்தாதான். இந்த இரண்டு வருடத்தில் அவள் என் கனவில் ஒரு தடவைகூட வரவில்லை. நான் ரிட்டயர் ஆன மில் கனவில் வருகிறது. எவனோ கண்டக்டர் வருகிறான். அவள் வரமாட்டேன் என்கிறாள்.

என் கனவுக்குத்தான் வரமாட்டாள். ஊரில் மற்ற எல்லார் கனவுக்கும் போகிறாள்!

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் யார் கனவில் வந்தாலும், கண்டவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது. விடிந்ததும் அந்த வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். என்ன சேலை கட்டியிருந்தார், முகம் எப்படி இருந்தது, வாய் திறந்து ஏதாவது கேட்டாரா... எல்லாம் சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் வீட்டார் அதைச் செய்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு சீதம்மா ஒரு நாள் காலையில் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வசந்தா வந்தாளாம், பூரிக்கு மாவு பிசைந்தாளாம், பேசிக்கொண்டே இருந்தாளாம். என்ன பேசினாள் என்றேன். சீதம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கனவிலும் தெலுங்கிலேயே பேசினாளாம், கடகடவென்று. வசந்தாவுக்குத் தெலுங்கில் ‘ரா’, ‘போ’ தவிர ஒன்றும் தெரியாது. அங்கே போய்க் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை.

ஆனால் அதிகம் போவது அவள் தங்கை கோமதியிடம்தான். கோமதி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கிருந்து வருகிறவர்கள் பால்கோவா கொண்டுவருவார்கள் என்பதுதானே உங்கள் நினைப்பு? கோமதி எனக்குக் கொண்டுவருவது கொள்ளும் பாகற்காயும். எனக்கு சுகர்.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது காலையில் போன் வரும். நேற்று அக்கா வந்தாள் என்பாள். உங்களைப் பற்றித்தான் கவலைப்பட்டாள், மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள், வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

நான் மாத்திரையைப் போட்டுவிடுவேன். போட்டுவிட்டு மறுபடியும் கோமதிக்கே போன் செய்வேன். சிரித்தாளா? தலையில் பூ இருந்ததா? முட்டி வலி இருக்கிற மாதிரி நடந்தாளா? அவளும் சலிக்காமல் சொல்லுவாள். அன்றைய பொழுது எனக்கு நன்றாகப் போகும். சாயங்காலம் ஆனதும் பொறாமை வந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவன் நான். எனக்குச் சேதி தங்கச்சி மூலமாகவா வர வேண்டும்? உயிரோடிருப்பவர்களைவிட இறந்தவர்களுக்குத்தான் ஓரவஞ்சனை அதிகம்.

அதனால்தான் கனவு வகுப்பில் சேர்ந்தேன்.

அதில் ஒரு கஷ்டமான பாடம் உண்டு. மத்தியானத்தில் மல்லாந்து படுத்து, உடம்பைத் தூங்க விட்டுவிட்டு, மனசை மட்டும் விழிப்பாக வைத்திருக்க வேண்டும். பழகிப் பழகி ஒரு நாள் முக்கால்வாசி ஜெயித்துவிட்டேன். கண் திறந்திருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. தெருவில் வெங்காய வண்டி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு போவது கேட்கிறது. ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். கால்மாட்டில் ஓர் ஆள் நிற்கிறது.

ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். டாக்டர் வேறு பெயர் சொன்னார். மூளை எழுந்துவிட்டதாம், உடம்பு இன்னும் எழவில்லையாம், பயப்பட வேண்டாம், ஒருக்களித்துப் படுங்கள் என்றார். கோமதியோ தலைமாட்டில் ஒரு பாக்குவெட்டியை வைக்கச் சொன்னாள். இரும்பு இருந்தால் அண்டாதாம்.

நான் ஒருக்களித்தும் படுக்கவில்லை, இரும்பும் வைக்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு நினைப்பு... கால்மாட்டில் நின்றது வசந்தாவாக இருந்தால்? ‘நீயா?’ என்று கேட்க நினைத்தேன், நாக்கு புரளவில்லை. கை அசைந்தபோது அங்கே யாரும் இல்லை. அவளைப் போய் நான் பாக்குவெட்டி வைத்து விரட்டுவேனா? பேயாக வந்தால்தான் என்ன, வரட்டுமே!

இனி போன வெள்ளிக்கிழமை நடந்தது.

மலைப்பக்கம் சாரல் பிடித்து, மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டுப் படுத்தேன், அசந்துவிட்டேன். திடீரென்று முழிப்புத் தட்டியது. ஃபேன் நின்றுபோயிருந்தது.

உங்களுக்கு இது ஒன்றுமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்னை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்ப வசந்தாவுக்கு ஒரே வழிதான். பேசாமல் வந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். புழுங்கி, வைதுகொண்டே எழுந்திருப்பேன். அவள் போன பிறகு என் ஃபேனை நிறுத்த ஆள் இல்லை.

எழுந்து லைட் சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் எரியவில்லை. அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால்... மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். வசந்தாவின் சேலை. எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள்.

கனவேதான். ஜெயித்துவிட்டேன்.

வெள்ளைக்காரர் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பரபரப்படையக் கூடாது, கலைந்துவிடும். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கனவு நிலைக்கும். முகத்தைப் பார்க்க அவசரப்படக் கூடாது. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, குளிரில் நடுங்குகிறவன் மாதிரி கையைத் தேய்த்தேன்.

“வசந்தா” என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது.

“திரும்பாத. திரும்புனா கலைஞ்சிரும். எல்லார்ட்டயும் போற... தெலுங்கெல்லாம் பேசுறியாம். எங்கிட்ட மட்டும் ஏன்ட்டி வரமாட்டேங்குற? எம்மேல என்ன கோவம்?”

திரும்பாமலேயே, “கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உக்காருங்க, காப்பி போடுதேன்” என்றாள். குரல் கம்மியிருந்தது.

“காப்பி வேண்டாம். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்துட்டுப் போ, போதும்.”

அவள் தோள் குலுங்கியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிட்டது.

ஃபிரிட்ஜ் உறுமியது. அறையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் போட்டு வைத்திருந்த லைட்டெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. திரும்பி நின்றது கோமதி. வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வசந்தாவின் சேலைகளை எல்லோருக்கும் நினைவுக்குக் கொடுத்தபோது, அந்த மஞ்சள் சேலையை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

சுவிட்சைப் போட்டு லைட் எரியாவிட்டால் கனவாம்! அந்த வெள்ளைக்காரருக்கு எங்கள் ஊரில் சாரல் விழுந்தாலே கரண்ட் போகும் என்று யார் சொல்வது?

நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? கை மட்டும் அது பாட்டுக்கு இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தது. கோமதி காப்பி போட்டு என் முன்னால் வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். யூடியூப், மூக்கு, அமுக்குவான், எல்லாம். கடைசியில், நீ கொடுத்து வைத்தவள், உன்னிடம்தான் வந்துகொண்டே இருக்கிறாளே என்றும் சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள்.

“அக்கா எங்கிட்ட வந்ததே இல்ல அத்தான். ஒரு நாளும் வரல. நாஞ் சொன்னா நீங்க மாத்திரை போட மாட்டீங்க. அக்கா சொன்னான்னா போடுவீங்க. அதான் சொன்னேன்.”

எங்கள் பக்கம் இறந்தவர் பெயரில் கனவைப் பொய்யாகச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அவள் அதற்கும் துணிந்து சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். தலையில் பூ, முகத்தில் சிரிப்பு... நான் வாரக் கணக்கில் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் இவள் ஜோடித்ததா? அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த அதே இரண்டு வருடமும் அவளும் தினம் எதிர்பார்த்துத்தான் படுத்திருக்கிறாள். கூடப் பிறந்தவள். அவளுக்கும் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வீடியோவைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இப்போது இரண்டு ஊரில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிகிறோம்.

பஸ் ஏற்றிவிடும்போது ஒரு ஒப்பந்தம் போட்டேன். யாரிடம் முதலில் வந்தாலும் மற்றவருக்கு உடனே போன் செய்துவிட வேண்டும், இனிமேல் பொய் மட்டும் கூடாது என்றேன். கோமதி தலையாட்டினாள். படியில் ஒரு காலை வைத்தவள் நின்று திரும்பினாள்.

“வந்தா கண்டிப்பா சொல்லுதேன் அத்தான். வராட்டாலும்... எப்பயாச்சும் ஒண்ணு ரெண்டு சொல்லட்டுமா?”

சொல்லு என்றேன்.