மூப்பர் தலையாட்டிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் மரியசூசை எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் மூப்பர். பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மலையேறி வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் மணியடிப்பது, செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் இவர்தான். கல்யாணம் பேசினால்கூட முதலில் இவரிடம் வந்து சொல்லவேண்டும், பிறகுதான் பாதரிடம். இந்தச் சட்டத்தை எந்தப் பாதரும் போடவில்லை. இவரே போட்டுக்கொண்டது.

நல்ல மனுசன்தான். லயத்து வீடுகளில் யாருக்கு முடியாமல் போனாலும் முதல் ஆளாக ஓடுவார். ஆனால் மரியாதை ஒரு இம்மி குறைந்தால் தாங்கமாட்டார். யாராவது வாய்தவறி ‘மூப்பரே’ என்பதற்குப் பதில் ‘அண்ணே’ என்றுவிட்டால், அன்றைக்கு என் குழம்பில் உப்புச் சரியில்லை.

நிஷாந்தி இவர் படிப்பித்த பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி. கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லுவாள். அவள் கீழ் டிவிசன் திலக்ஷனைக் கட்டிக்கொண்டாள். அவன் இந்துப் பையன், மாரியம்மன் கோயிலில்தான் தாலி கட்டினான். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கோபமெல்லாம் சமயத்துக்காக என்று இவர் ஊருக்குச் சொல்லித் திரிந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம், ஒருநாள் நல்ல மழை. பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அதை முடித்து வந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திலக்ஷன் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றான்.

“மூப்பரே, புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அதுக்கு முந்தி ஞானஸ்நானம் குடுக்கணும்னு நிஷாந்தி அழுவுது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“தாலி கட்டுறப்ப இந்த வாசல் தெரியலயா? பாதர் வருவாரு, அவருக்கிட்டக் கேட்டுக்கங்க.”

பையன் கையெடுத்துக் கும்பிட்டான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் மழையில் ஓடினான்.

“எந்திரிச்சுப் போங்க. பச்ச மண்ணுங்க அது,” என்றேன்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

கொஞ்ச நேரம் கழித்துத் தானே குடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் ஆட்டோ போய்விட்டிருந்தது. திரும்பி வந்து குடையை மாட்டிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு இவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், றொசல்லைக்குப் பக்கத்தில் பாதையில் மரம் விழுந்து கிடந்ததாம். ஆட்டோ நின்றுவிட்டது. குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்தபோது நிஷாந்தி அதை இரண்டு கையாலும் தாங்கியிருந்தாள். அவள் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்க, திலக்ஷன் போத்தல் தண்ணீரைக் குழந்தையின் தலையில் ஊற்றி, ‘பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்று தானே சொல்லிவிட்டான். சாகப்போகிற ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், கொடுப்பவர் நம் வேதக்காரராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வருசா வருசம் வகுப்பில் இதைப் படிப்பித்தது யார்? என் வீட்டுக்காரர்தான்.

மரத்தை வெட்டிப் பாதையைத் திறந்தார்கள். ஆண்டவர் புண்ணியத்தில் குழந்தை பிழைத்தது.

அடுத்த முறை பாதர் வந்தபோது குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். பாதர் நடந்ததை விசாரித்துவிட்டு, சபைக்கு முன்னால் கேட்டார்: “தண்ணி ஊத்துனது யாரு?”

திலக்ஷன் குற்றம் செய்தவன் மாதிரிக் கையைத் தூக்கினான்.

“பயப்படாதீங்க. நீங்க குடுத்தது செல்லும். இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நிஷாந்திதான் பதில் சொன்னாள். “எங்க மூப்பர் படிப்பிச்சது பாதர். அவருதான் எம்புள்ளையக் காப்பாத்துனாரு.”

அவள் குத்திக்காட்டவில்லை. மனசாரச் சொன்னாள். சபை முழுக்கத் திரும்பி இவரைப் பார்த்தது. பாதர் சிரித்து, “மூப்பர்னா இப்பிடி இருக்கணும்,” என்றார். இவர் தலையாட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தலையாட்டினார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பூசை முடிந்ததும் மணிக்கம்பத்தடியில் திலக்ஷனைத் தனியாகப் பிடித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“அன்னைக்கு நடந்தத நிஷாந்திக்கிட்டச் சொல்லலயா தம்பி?”

“நீங்க வீட்டுல இல்லன்னு சொல்லிட்டேங்க. அவளுக்கு ஒங்க மேல அவ்வளவு மரியாத. அத நான் ஏங்க கெடுக்கணும்?”

இவர் வாயைத் திறக்குமுன் நிஷாந்தி குழந்தையோடு வந்துவிட்டாள். “மூப்பரே, புள்ள நெத்தியில ஒரு சிலுவை போட்டு விடுங்க,” என்று நீட்டினாள்.

இவர் பெருவிரலைக் கொண்டுபோனார். நெற்றிக்குக் கிட்டப் போய் விரல் நின்றுவிட்டது.

“நான் அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன் புள்ள. இவன் வந்து கும்பிட்டான். நான்தான் வரல.”

நிஷாந்தி புருசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு இவரைப் பார்த்தாள். குழந்தையின் தலையைச் சீலையால் மூடினாள்.

“வாங்க போவோம். புள்ளைக்குக் குளிருது,” என்று புருசனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

இவர் கை நீட்டினபடியே நின்றது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.