நாங்கள் பார்க்காமல் ஜெயித்த ஆட்டம்

எனக்குப் பந்து உதைக்க வராது, கத்த வரும். ஆம்பூரில் நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு பந்தாட்டக் கோஷ்டி இருந்தது. அதில் சேர ஆசைப்பட்டு ஒரே ஒரு நாள் போய் உதைத்தேன். பந்து ஒரு பக்கம் போயிற்று, என் கால் நகம் ஒரு பக்கம் போயிற்று. அன்றோடு மைதானத்துக் கரைக்கு வந்துவிட்டேன். கரையில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. எதிராளி காலுக்குப் பந்து போனால் அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பேன். எங்கள் ஆள் தவறவிட்டால் அவனுக்கும் அதே மரியாதைதான். "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்யா" என்பாள் என் மனைவி. அவள் அதே ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். உலக்கை பிடித்த கை என்பதால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

முதலாளி பள்ளிவாசல் தொழுகை தவறாதவர். அதனால் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. மற்ற நாளெல்லாம் தோல் காய்கிற களம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மைதானமாகிவிடும். சாறு இறங்கிப்போன பட்டையை வருஷக்கணக்காகக் கொட்டி மெத்தென்று ஆன தரை அது. வெறுங்காலோடு ஆடுகிறவனுக்கு அதைவிடச் சுகமான இடம் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

அந்தக் களத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சீமைக்குக் கப்பல் ஏற வேண்டிய சரக்கு ஜாஸ்தியாகிவிட்டது என்று, இனி வெள்ளிக்கிழமையும் களத்தில் தோல் காயும் என்றார் முதலாளி. நாங்கள் கும்பலாகப் போய் அவர் முன்னால் நின்றோம். அவருக்கு ஆட்டத்தின் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை ஒரு ஆட்டத்தையும் நின்று பார்த்தவரில்லை.

"வேலூர்க்காரன்கிட்ட மூணு தபா தோத்தீங்க. தோக்கறதுக்கு ஒரு களம் வேணுமா? அத வூட்லயே குந்திகினு தோக்கலாமே" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. எங்கள் கோல்கீப்பர், கொடியில் தோல் காயப்போடுகிற வேலைக்காரன், வாட்டசாட்டமான ஆள். அவன்தான் வாயைத் திறந்தான்.

"இந்த வெள்ளிக்கிழம அவங்க வர்றாங்க மொதலாளி. ஜெயிச்சுக் காட்றோம்."

"ஜெயிச்சா வெள்ளிக்கிழம களம் உங்களுது. தோத்தாலும் என்னுது, சமமா போனாலும் என்னுது. ஒரு தோலு கெட்டாலும் என்னுதுதான்."

அதற்கு மேல் அவரிடம் பேரம் பேச முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை களத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கயிற்றுக்கொடி கட்டி, ஆட்டுத்தோலை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கொடிக்கு முன்னால் நாங்கள் நின்றோம். வேலூர்க்காரர்கள் ரெயிலில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பூட்ஸ், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. களத்துக்குள் வந்ததும் பாதிப் பேர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் பக்கம் பதினோரு பேர் மட்டும் ஆடவில்லை. தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியின் நாற்றமும் சேர்ந்து ஆடியது.

"மூக்க மூடினு ஆடுனா மூச்சு எந்தப் பக்கம்யா வுடுவ?" என்று ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். நான் குதித்த குதியில் பக்கத்தில் நின்றவர் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. இடைவேளை முடிந்தும் வெகுநேரம் வரைக்கும் அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தோம். வேலூர்க்காரர்கள் அடித்ததையெல்லாம் எங்கள் கோல்கீப்பர் மார்பால் வாங்கினான். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது என் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது.

தோல் ஷாப்புக்காரனுக்கு மழைத்துளி விழுந்தால் மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். காய்கிற தோலில் துளி பட்டால் கறை. கறை பட்ட தோல் கழிவு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் இலையை விட்டு எழுந்து ஓடுவோம். அன்றும் அதுதான் நடந்தது. முதலில் ஓடியவன் கோல்கீப்பர். பின்னாலேயே எங்கள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். நாங்களும் திரும்பிக் கொடிகளின் மேல் பாய்ந்தோம். "தோலு! தோலு!" என்பதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

வேலூர்க்காரர்கள் மலைத்துப்போய் நின்றார்கள். ஊரே பைத்தியம் பிடித்து ஓடுகிறது, பந்து நடுக்களத்தில் அநாதையாகக் கிடக்கிறது. அவர்களில் ஒருவன் அதை நிதானமாக உருட்டிக்கொண்டு போய், காலியாக இருந்த கோலுக்குள் தள்ளினான். விசில் கேட்டது.

விசில் ஊதிய நடுவர் ரெயில்வேயில் கார்டு. பச்சைக்கொடி காட்டியபிறகு வண்டியை நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. "ஆட்டத்த நிறுத்தி நான் விசில் ஊதினேனா? ஊதலியே. கோல் கோல்தான்" என்று சொல்லிவிட்டார். கோல்கீப்பர் இரண்டு கையிலும் தோலை அணைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி விழித்தான். மழை வலுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிய தொண்டை திறந்துகொண்டது.

"டேய், ஆடறவனுங்கள்லாம் உள்ள போங்கடா! ஒருத்தனும் தோலத் தொடக் கூடாது! தோலு எங்க பொறுப்பு!"

"அண்ணே, என் கொடிண்ணே…"

"உன் கோலப் போய்ப் பாருடா!" என்று அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினேன்.

அதற்குள் பட்டை இடிக்கிற பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் என் மனைவி. யார் எந்தக் கொடி, யார் கொட்டகை வாசலில் நின்று வாங்கி அடுக்குவது என்று அவள்தான் பிரித்துவிட்டாள். ஆளாளுக்குத் தோலை மேல்புறம் உள்ளே இருக்க மடித்துத் தலையில் சுமந்து ஓடினோம். தோல் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். தூக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றால் மழை உள்ளே புகுந்துவிடும். களத்தில் தண்ணீரில் கால் அடிக்கிற சத்தம் கேட்டது, பூட்ஸ் வழுக்குகிற சத்தம் கேட்டது. பந்து யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. ஒரு சுமையை இறக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுகையில் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொட்டகை வாசலில் என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"இன்னாய்யா, வாயே தொறக்க மாட்ற?"

"பயமா இருக்குது" என்றேன். நிஜமாகவே பயமாக இருந்தது. வாரமெல்லாம் குழியிலும் கொடியிலும் கிடக்கிறவர்களுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் இருந்தது. அது போய்விட்டால் வெள்ளிக்கிழமை வந்து என்ன, வராவிட்டால் என்ன?

அவள் என் தலையிலிருந்து தோலை இறக்கினாள். அது கடைசிச் சுமை. அப்போதுதான் வெளியே ஒரு கூச்சல் எழுந்தது. கூட்டத்தின் கூச்சல் இல்லை, ஒரே ஒரு ஆளின் குரல்.

"பூந்துச்சுடா! உள்ள பூந்துச்சுடா!"

விழுந்தடித்து ஓடினோம். எங்கள் ஆட்டக்காரர்கள் சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். வேலூர் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். தோல் நனைகிறதா என்று பார்க்கக் குடையோடு ஓடி வந்தவராம். கத்தியவர் அவர்தான். பந்தை நடுவில் வைத்து மறுபடி உதைத்ததும் கார்டு நீளமாக விசில் ஊதிவிட்டார். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம்.

ஆட்டக்காரர்களைத் தவிர ஜெயித்த கோலைப் பார்த்தவர் எங்கள் தரப்பில் முதலாளி ஒருவர்தான். அவரைச் சூழ்ந்துகொண்டோம். "எப்பிடி மொதலாளி? யாரு அடிச்சது?"

"அந்தக் குட்டையான பையன் ஓங்கி வுட்டாம்ப்பா. பந்து நேரா கோலுக்குப் போவுது. வேலூர் கோல்கீப்பரு கைய விரிச்சினு நிக்கிறான், நிக்கிறான், பந்து வரல! பள்ளத்துத் தண்ணில பொத்துனு நின்னுபோச்சு. இவன் ஓடியாந்து இப்பிடி…" என்று காலை வீசிக் காட்டினார். செருப்பு பறந்து போய்ச் சேற்றில் விழுந்தது. அதை எடுக்க விடாமல், "இன்னொரு தபா சொல்லுங்க மொதலாளி" என்றேன். சொன்னார். இரண்டாம் தரம் அந்தப் பந்து இன்னும் தூரத்திலிருந்து வந்தது. மூன்றாம் தரம் கேட்டதற்கும் சலிக்காமல் சொன்னார்.

என் மனைவிதான் நடுவில் புகுந்தாள். "தோலு எல்லாம் உள்ள சேர்த்தாச்சு மொதலாளி. அப்ப வெள்ளிக்கிழம களம்?"

"இன்னும் அத வேற கேக்கணுமா? எடுத்துக்கோங்க" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "ஆனா ஒண்ணு. ஒருத்தனா நின்னு பாத்தா நல்லாவே இல்லப்பா. சந்தோசம் தாங்கல, கட்டிப்புடிக்க பக்கத்துல ஒரு ஆளு இல்ல. கொடையத்தான் கட்டிப்புடிச்சேன்" என்றார்.

குடையின் கம்பிகள் வளைந்துபோயிருந்தன. முதலாளியைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சேறு சொட்டச் சொட்ட முதலில் போய் அவரைக் கட்டிப்பிடித்தவன் கோல்கீப்பர். அவன் விட்டதும் நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம் யார் யார் என்று எண்ணிக்கை இல்லை. அவருடைய வெள்ளை ஜிப்பா முழுக்க எங்கள் கைகளின் பட்டைச்சாயம் ஒட்டியிருந்தது. அதோடேயே அவர் வீட்டுக்குப் போனார்.