அத நான் பாத்துக்கறேன்

1. கடலூரில் வேலை கிடைத்ததும் என் தம்பி ஆசையாகப் புது பைக் வாங்கினான்.
2. அவனைப் பின்னால் உட்காரவைத்து, சிதம்பரம்வரை நானே ஓட்டினேன்.
3. கீழவீதித் திருப்பத்தில், "அக்கா, பிரேக்கு, பிரேக்கு!" என்று அவன் கத்தக் கத்த, வண்டியைக் கீழே போட்டேன்.

டேங்கில் நீளமாக ஒரு கீறல். தம்பி கோபக்காரன். முன்பு ஒருமுறை, "நீதான் என் கோவத்தக் கிளப்பி விடுற" என்று அவன் கத்தியதில் மாதக்கணக்கில் நாங்கள் பேசவில்லை. இப்போதும் பேச்சு அறுந்துவிடும் என்று பயந்தேன்.

அவன் முகம் சிவந்தது. குனிந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

"திட்டித் தொலைடா," என்றேன்.

"திட்டத்தான் வாய் துடிக்குது. ஆனா கோவம் என்னோடது, அத நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல முழங்கையப் பாரு, ரத்தம் வருது."

கோயில் மதிலோரம் தனியாக வெகுதூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். "தள்ளு பைலட்டம்மா, நான் ஓட்டறேன்," என்றான்.

எங்கள் வீட்டில் கோபம் எப்போதும் அடுத்தவர் கொடுத்ததாகவே இருந்தது. என்னைவிடச் சின்னவன் அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு போனதை மலைத்துப் பார்த்தேன்.

இப்போது நானும் முயல்கிறேன். சில நாள் "உன்னாலதான்" என்று தொடங்கிவிடுகிறேன். பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.